கண்ணாடிப் பெட்டியில் வந்த கன்றுகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மண் தரையைப் பார்ப்பது அரிது. லெபோ பசார், லெபோ குயின், லெபோ பினாங்கு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை வீடுகளும் ஐந்தடியும்தான். ஆனாலும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மாடிச் சன்னலோரம் பழைய பெயிண்ட் டின்னில் ஒரு துளசியோ கறிவேப்பிலையோ நிற்கும். பின்கட்டில், வானம் தெரியும் முற்றத்தில், நாலைந்து மிளகாய்ச் செடி இருக்கும். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களுக்கு அந்த டின்தான் நிலம்.

இப்படிப்பட்ட ஒரு முற்றத்தில்தான் நானும் செடி வளர்க்கிறேன். செப்டம்பர் பிறந்தால் இங்கே பெய்யும் மழையைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இலை விட்ட நாற்று ஒரே மழையில் சாய்ந்துவிடும்; விதை தட்டிலிருந்தே அடித்துக்கொண்டு போகும். இதற்கு வழி தேடித்தான் சிறிய பசுமைக்குடில் ஒன்று வாங்கினேன். ஆள் உயரத்துக்கு நான்கு அடுக்குக் கம்பித் தட்டு, அதன்மேல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். உறையை மூடியே வைக்கும்படி அட்டையில் அச்சிட்டிருந்தது. நானும் மூடினேன். மறுநாள் மத்தியானம் ஜிப்பைத் திறந்தபோது இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல் ஆவி முகத்தில் அடித்தது. மிளகாயும் தக்காளியுமாக அறுபது நாற்றுகள் வெந்த கீரையாகக் கிடந்தன.

குற்றம் பெட்டியுடையது அல்ல. அது குளிர் நாட்டுக்காரர்கள் சூட்டைப் பிடித்துவைக்கக் கண்டது. நமக்குச் சூடு தேவையில்லை, மழையைத் தடுக்கும் கூரைதான் தேவை. கேமரன் மலையில் விவசாயிகள் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கூடாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கும் முதல் வேலை மழையைத் தடுப்பதுதான்.

ஆனால் இந்தப் பெட்டியை வெறும் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாம் இந்த நாட்டில் இருப்பதற்கே இதன் மூதாதையான ஒரு பெட்டியும் காரணம்.

லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு மருத்துவர் இருந்தார். புகை மண்டிய அந்த நகரத்தில் அவர் ஆசையாக வளர்த்த பெரணிச் செடிகள் கருகிப்போயின. 1829 வாக்கில், பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருந்தார். பூச்சி வருவதற்குள் அந்த மண்ணில் ஒரு பெரணி முளைத்துவிட்டது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பகலில் எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணிலேயே இறங்கியது. அதே முறையில் மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டிகள் செய்து, 1833இல் செடிகளோடு சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக் கணக்கான பயணத்துக்குப் பிறகும் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. நம் லெபோ குயின் மகா மாரியம்மன் கோயில் எழுந்ததும் அதே 1833இல்தான்.

அதுவரை கப்பல் தளத்தில் வைத்த கன்றுகள் உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் பெரும்பாலும் செத்துப்போகும். வார்டு பெட்டி வந்தபின் செடிகள் கண்டம் விட்டுக் கண்டம் போகத் தொடங்கின. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ரப்பர் விதை சில வாரங்களிலேயே உயிர் இழந்துவிடும். கண்ணாடிக் கூடத்தில் அவசரமாக விதைத்தும் முளைத்தவை 2,700 அளவில்தான். அந்த நாற்றுகளில் 1,900க்கு மேற்பட்டவை, 38 வார்டு பெட்டிகளில் அதே ஆண்டு இலங்கைக்குப் புறப்பட்டன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 பேராக் மாநிலத்தின் கோலக்கங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் வரிசையைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ஒரு மரம் இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கப்படுகிறது.

கரும்புக்கும் காப்பிக்கும் நம்மவர்கள் முன்பே வந்திருந்தார்கள். ஆனால் கூட்டம் கூட்டமாக வந்தது பால்மரத்துக்காகத்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களுக்கு, தாங்கள் வெட்டப்போகும் மரம் கண்ணாடிப் பெட்டியில் வந்தது தெரிந்திருக்குமா? கன்றுக்குக் கிடைத்த கவனிப்பு கப்பலின் கீழ்த்தளத்தில் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சரி, முற்றத்துக்கு வருவோம். அறுபது நாற்று போனபின் பெட்டியை நம் ஊருக்கு ஏற்ப மாற்றினேன். மேல்கூரையை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்துப் பிளாஸ்டிக்கை வெட்டியெடுத்துக் கொசுவலை கட்டினேன். காலை வெயில் விழும் மூலைக்கு நகர்த்தினேன். குழித்தட்டில் தென்னை நார்த்தூளும் கொஞ்சம் மணலும் கலந்து நிரப்பி, விதையை அதன் பருமனைப்போல் இருமடங்கு ஆழத்தில் மட்டும் போடுகிறேன். தண்ணீரை மேலே ஊற்றுவதில்லை. தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, காலையிலேயே வேலையை முடித்துவிடுவேன். இரவெல்லாம் ஈரம் நின்றால் தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் அழுகி, நேற்று நின்ற நாற்று இன்று படுத்துவிடும். நாற்றுகளைக் கொல்வதில் இந்தப் பூஞ்சை நோய்க்குத்தான் முதலிடம்.

கடை வீட்டு முற்றத்தில் இன்னொரு சிக்கல், வெளிச்சம். சில மணி நேரம்தான் கிடைக்கும். நாற்று ஒல்லியாக, வெளிறி, ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். தட்டை மேலடுக்குக்கு மாற்றி, தினமும் ஒருமுறை திருப்பி வையுங்கள். நாலைந்து இலை வந்ததும் உடனே வெளியே நட்டுவிடாதீர்கள். ஒரு வாரம், முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெயிலுக்குப் பழக்குங்கள்.

இப்போது என் தட்டில் இருப்பது கறிவேப்பிலை. அதன் விதையும் ரப்பர் விதையைப்போலத்தான், காயவிட்டால் போச்சு. கறுத்த பழத்தைப் பறித்த கையோடு சதையைப் பிசைந்து கழுவிப் போட வேண்டும். பன்னிரண்டு போட்டதில் ஒன்பது முளைத்திருக்கின்றன. கீழே பூக்கட்டும் அக்கா இரண்டு கேட்டிருக்கிறார். அவரிடமும் ஒரு பழைய பெயிண்ட் டின் இருக்கிறதாம்.