மரமேறிக் கிளையறுப்பதற்கேற்ற சங்கிலி ரம்பத்தின் அளவு

புதுச்சேரி நகரின் வடமேற்கே, திண்டிவனம் செல்லும் சாலையில், உழவர்கரை நகராட்சியைச் சார்ந்த கோரிமேடு செம்மண் மேட்டுப் பாங்கான பகுதியாகும். 2011-ம் வருடம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோதும், 2024-ம் வருடம் நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தபோதும், இவ்வட்டாரத்து மரங்கள் பெருஞ்சேதமடைந்தன. இத்தகைய காலங்களில் ஒடிந்து தொங்கும் கிளைகளை அகற்றுவதற்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே பாரமான கிளைகளைக் கழிப்பதற்கும், சங்கிலி ரம்பத்துடன் மரமேறும் ஆட்களைத் தேட வேண்டியதாகின்றது. அவ்வாட்கள் எத்தகைய ரம்பத்துடன் ஏறுகின்றனர் என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம அலுவலர்களும் கவனித்தல் மிகவும் அவசியமாகும். பெரிய ரம்பமே விரைவில் வேலையை முடிக்கும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தரையில் அது ஓரளவு உண்மையே. மரத்தின்மீது அது உயிருக்கே ஆபத்தாய் முடியக்கூடும்.

பருமன் ஏன் முக்கியமாகின்றது?

தரையில் நிற்பவன் இரு கால்களையும் ஊன்றி, ரம்பத்தை உடலோடு அணைத்துப் பிடிக்கிறான். மரத்தில் இருப்பவனோ இடுப்புக் கயிற்றில் சாய்ந்து, கைகளை நீட்டியே அறுக்க நேரிடும். கை நீளுந்தோறும் ரம்பத்தின் பாரம் தோளில் பன்மடங்காக உணரப்படும். அடிமரம் வெட்டும் 50 முதல் 70 சி.சி. வரையுள்ள ரம்பங்கள், தகடும் சங்கிலியும் இன்றியே 5 முதல் 7 கிலோ வரை நிறையுடையவை. தகடு, சங்கிலி, பெட்ரோல், எண்ணெய் இவையும் சேரின் பாரம் இன்னும் அதிகமாகும். சிறிது நேரத்தில் கை தளரும்; தளர்ந்த கை ரம்பத்தைச் சாய விடும்; சாய்ந்த சங்கிலி காலையோ தாங்கும் கயிற்றையோ தொட்டுவிடும். வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலிக்கு, இழுவிசையுற்ற கயிறு ஒரு கணமும் தாங்காது.

ஆகையால் மரமேறுவோருக்கென 25 முதல் 40 சி.சி. வரையுள்ள சிறு ரம்பங்கள் செய்யப்படுகின்றன. இவை பெரும்பாலும் தகடின்றி 2½ முதல் 4 கிலோ வரை நிறையுடையவை. பின்பிடி யந்திரத்தின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், இவை மேற்பிடி ரம்பங்கள் எனப்படும்.

தகட்டின் நீளம்

சங்கிலி ஓடும் தகட்டைத் தொழிலாளர் 'பார்' என்பர். மரத்தின்மீது 10 முதல் 14 அங்குலத் தகடே பெரும்பான்மையான வேலைகளுக்குப் போதுமானது. அறுக்கப்படும் கிளையின் குறுக்களவைவிட இரண்டு அங்குலம் அதிகமாயிருப்பின் ஒரே முறையில் அறுக்கலாம். கிளை அதனினும் பருமனாயின், பயிற்சியுடையோர் இரு புறமாகவும் அறுத்து முடிப்பர்.

நீண்ட தகட்டின் தீங்கு யாதெனில், அதன் நுனி கண்ணுக்கு மறைவாக அப்பாலுள்ள கிளையிற் படுவதாகும். நுனியின் மேற்பாதி மரத்தைத் தொட்டால், சங்கிலியின் பற்கள் அங்கே சிக்கிக்கொள்ள, ஓட்டத்தின் வேகம் முழுவதும் தகட்டை மேல்நோக்கியும் பின்னோக்கியும் எறியும். இவ்வாறு எறியப்படும் ரம்பம் முகத்தையும் கழுத்தையும் நோக்கியே வரும். கண்ணிமைக்கும் பொழுதிற்குள் இது நிகழ்வதால், எவ்வளவு கைவன்மையுடையோரும் அதனைத் தடுத்தல் இயலாது. நெருங்கிய கிளைகளிடையே தகடு குறுகியிருப்பதே இதற்கு முதற் காப்பு. முன்கைக் காப்பினால் இயங்கும் சங்கிலித் தடை இரண்டாவது காப்பு. தடை வேலை செய்யாத ரம்பத்தை மரத்திற்கு ஏற்றவே கூடாது.

கிளையின் பாரத்தைக் கணக்கிடல்

பச்சை மரத்தின் நிறை பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,000 கிலோ எனக் கொள்ளலாம். இக்கணக்கின்படி, ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டு 20 சென்டிமீட்டர் குறுக்களவாயின் சுமார் 31 கிலோவும், 30 சென்டிமீட்டராயின் சுமார் 70 கிலோவும், 40 சென்டிமீட்டராயின் சுமார் 125 கிலோவும் இருக்கும். குறுக்களவு இரட்டித்தால் நிறை நான்கு மடங்காகின்றது.

வீடு, மின்கம்பி, மாட்டுக்கொட்டகை முதலியவற்றின் மேலுள்ள கிளையைக் கயிறு கட்டியே இறக்க வேண்டும். கயிறும் கீழே பிடிப்பவரும் தாங்கும் பாரத்திற்குமேல் ஒரே துண்டாக அறுத்தலாகாது. 12 அங்குலத் தகடு ஒரே முறையில் அறுக்கும் துண்டே தாங்குவதற்குக் கடினமாயிருக்க, 20 அங்குலத் தகட்டை மேலே கொண்டு செல்வதால் விளையும் பயன் சொற்பமே. அடிமரத்திற்கு வரும்போது மட்டும் பெரிய ரம்பம் வேண்டியதாகும். அதைத் தரையில் நின்றே இயக்கலாம்.

பக்கக் கிளையைக் கழிக்கையில், அடிமரத்திற்குச் சுமார் ஓரடி அப்பால் கீழ்ப்புறமாகக் கால் அல்லது மூன்றிலொரு பாகம் முதலில் அறுக்க வேண்டும். பின்னர் அதற்குச் சற்று வெளியே மேற்புறமாக அறுத்துக் கிளையை நீக்கி, எஞ்சிய முளையைக் கிளையின் அடியிலுள்ள வீங்கிய வளையத்திற்கு வெளியே நறுக்குதல் முறையாம். இவ்வாறு செய்யின் பட்டை உரியாது. காயமும் விரைவில் மூடும்.

மேற்பிடி ரம்பத்திலுள்ள அபாயம்

சிறியதாயிருப்பதால் மேற்பிடி ரம்பம் தீங்கற்றதென எண்ணலாகாது. அதன் இரு பிடிகளும் அருகருகே இருப்பதால், எதிரெறியைக் கட்டுப்படுத்தும் வலிமை கைகளுக்குக் குறைவு. மேலும், ஒரு கையால் அறுக்கும் ஆசையை அது உண்டாக்கும். ஆகையால் இது மரமேறும் பயிற்சி பெற்றவருக்கே உரியது. தோட்டத்தில் விறகு துண்டிக்க விரும்பும் விவசாயி, இலேசாக இருக்கிறதென்று இதனை வாங்காமல், அதே அளவுள்ள பின்பிடி ரம்பத்தை வாங்குவதே தகும்.

மின்கலத்தால் இயங்கும் ரம்பங்களும் இப்போது கிடைக்கின்றன. இவற்றை மேலே கயிறிழுத்துத் தொடக்க வேண்டியதில்லை. கீழிருப்பவரின் குரலும் கேட்கும். ஆயினும் ஓசையின்றி நிற்பதால் ஓய்ந்துவிட்டதெனக் கருதிச் சங்கிலியைத் தொடுதல் கூடாது.

தென்னையும் கூர்மையும்

தென்னை, பனை ஆகியவற்றின் வெளிப்புறம் மிகக் கடினமானது. பற்களை விரைவில் மழுக்கும். செம்மண் துகள் படிந்த அடிமரமும் அவ்வாறே. மழுங்கிய சங்கிலி சிராய்க்குப் பதிலாகத் தூளையே உதிர்க்கும். அப்போது ஆள் அழுத்தி அறுக்கத் தொடங்குவான். விபத்தும் அங்கேயே தொடங்கும். ரம்பம் சிறிதென்று குறைகூறுமுன் அதன் கூரைச் சோதித்தல் வேண்டும். சிறு ரம்பங்களில் வழங்கும் தாழ்பல் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் ஏற்றது. எரிபொருட் கலவையில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் இருவீச்சு எண்ணெய் என்பதே பெரும்பான்மையான புதிய யந்திரங்களுக்குரிய அளவு. செய்தவர் குறிப்பு வேறாயின் அதனையே பின்பற்றுக.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

பொது நிலத்து மரமாயின் உரிய அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி பெறுதல் வேண்டும். மின்கம்பி அருகிலிருப்பின் மின்துறையினர் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே ஆள் ஏறலாம். அறுக்கும் வேளையில் ஏறியவர் இரு வேறு கயிறுகளால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். தலைக்கவசமும் கண் காப்பும் அணிந்திருத்தல் வேண்டும். ரம்பம் தனிவாரினால் இடுப்பில் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஏறியவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்பது இன்றியமையாதது.

மரத்திற்கு இவ்வளவென்று கூலி பேசும் வழக்கம், ஆளை அவசரப்படுத்திப் பெரிய ரம்பத்தையே எடுக்கத் தூண்டுகின்றது. நாளொன்றுக்கு இவ்வளவென்று பேசி, சிறு ரம்பத்துடன் நிதானமாக அறுக்கச் செய்யின் சில மணி நேரம் கூடுதலாகும். அக்கூடுதற் செலவு, ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் காக்கும் செலவென்று கருதி, நிலமுடையோர் அதனை மனமுவந்து ஏற்பார்களாக.