வெங்காயத்தின் அடியழுகல் நோய்

முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய மர்பி டவுனில், கடைக்குச் சென்று வெங்காயம் வாங்கும் நாம் அதன் தோலைத் தேய்த்துப் பார்க்கிறோம். கழுத்தை அமுக்கிப் பார்க்கிறோம். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், வேர்கள் புறப்படும் அந்தத் தட்டையான அடியில்தான் வெங்காயத்தின் கொடிய பகை ஒன்று குடிபுகுகின்றது.

அதுவே அடியழுகல் நோய். மண்ணில் வாழும் பியூசேரியம் என்னும் பூசணத்தால் இது விளைகின்றது. முதலில் இலை நுனிகள் மஞ்சளித்துக் காயும். தண்ணீர் போதவில்லை என்றெண்ணி உழவர் மேலும் நீர் பாய்ச்சுவதுண்டு. நோயின் வித்துகளோ அந்நீரோடு அடுத்த பாத்திக்குச் செல்லும். ஐயமுற்றால் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தல் நன்று. வேர்கள் அழுகியிருப்பதால் அது எளிதிற் கையோடு வரும். கிழங்கை நெடுக அரிந்தால் அடித்தட்டு பழுப்பேறியிருக்கும். வெண்ணிற இழைகளும் படர்ந்திருக்கலாம். வேர்கள் மட்டும் இளஞ்சிவப்பாகிச் சுருங்கி, அடித்தட்டு நலமாயிருப்பின், அது வேறொரு பூசணத்தின் செயல்.

பெங்களூரைச் சூழ்ந்த ஊர்களிலும், சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்களிலும் விளையும் ரோஜா வெங்காயம் 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. இது நம் அடுக்களைகளைவிடச் சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளுக்கே மிகுதியாகச் செல்லும் சரக்கு. வயலில் நோய் முற்றாத கிழங்கு பார்வைக்கு நலமாகவே தோன்றி, மூட்டையிலும் கப்பலிலும் அழுகும். அந்நிலையில் உழவரின் பணமும் போகும். வாங்குவோரின் நம்பிக்கையும் போகும்.

நிறமுள்ள வெங்காயத்தை நோய் அணுகாது என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மையுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாக்கர் என்னும் அறிஞர், நிறத்தோலில் உள்ள சில பொருள்கள் தோற்கருமை நோயைத் தடுப்பதைக் கண்டறிந்தார். ஆனால் அக்காவல் வெளித்தோலில் உள்ளது. அடியழுகற் பூசணமோ வேர் வழியாகவும், அடித்தட்டின் காயங்கள் வழியாகவும் நுழைகின்றது. கோட்டை வாயிலைக் காத்து என்ன பயன், சுரங்கம் திறந்திருக்கும்போது?

இப்பூசணத்தின் தடித்த சுவருடைய வித்துகள் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கும். ஆகவே நோய் கண்ட நிலத்தில் நான்கு ஆண்டுகளேனும் வெங்காயமும் பூண்டும் இடாமல், கேழ்வரகு போன்ற பயிரை மாற்றுதலே முதல் மருந்து எனக் கருதுகிறோம். மண்ணின் வெப்பம் 28 முதல் 32 பாகை வரை இருக்கையில் நோய் விரைந்து பெருகும்; 15 பாகைக்குக் கீழ் ஏறக்குறைய அடங்கிவிடும். எனினும், கடும் வெப்பம் அப்பூசணத்திற்கே பகை. கோடையில் நாற்றங்காலை நனைத்து, நிறமற்ற பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரங்கள் மூடி வைத்தால், வெயிலே மண்ணைத் தூய்மை செய்யும். இஸ்ரேல் நாட்டில் கட்டான் என்பாரும் அவர் குழுவினரும் 1976-இல் விளக்கிய முறை இது. விதைக்குமுன், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலத்தலும் பயன்தரும். அது பகைப் பூசணத்தை அடக்கும் நட்புப் பூசணம். களையெடுக்கையில் வேரும் கிழங்கும் காயமுறாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

அறுவடைக்குப்பின் கிழங்குகளை நன்கு உலர்த்தி, அடி மென்மையானவற்றைக் கழித்துவிட வேண்டும். கழித்தவற்றை எருக்குழியில் இடலாகாது. எருவோடு நோயும் வயலுக்குத் திரும்பும். மாடித் தொட்டியில் வெங்காயம் வளர்ப்போரும், அழுகிய செடி நின்ற மண்ணில் மீண்டும் வெங்காயம் நடாமல் கீரை விதைக்கலாம்.