எந்தப் பாலிடெக்னிக்? சேருமுன் கேட்க வேண்டியவை

ஜனவரியில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "தம்பி, நீ பாலிடெக்னிக் படிச்சிட்டுத்தானே யூனிவர்சிட்டி போனே? எங்க பிள்ளைக்கு எது நல்லதுன்னு சொல்லேன்." பட்டயக் கல்வி முடித்துப் பல்கலைக்கழகம் வந்தவன் என்பதால் தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீடுகளில் எனக்கு இப்படியொரு கௌரவப் பதவி! முடிவு வந்த சில நாள்களுக்குள் விருப்பப் பட்டியலைப் பதிந்தாக வேண்டும். 2027 முதல் தேர்வின் பெயரும் முறையும் மாறுகின்றன. பெற்றோரின் பதற்றம் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. தொடக்கக் கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் ஒதுங்கும் இடமே பாலிடெக்னிக் என்று நம் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1954இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் பாலிடெக்னிக்கின் முதல் வளாகம் பிரின்ஸ் எட்வர்ட் சாலையில்தான் இருந்தது. 1958இல் வகுப்புகள் தொடங்கின. 1959 பிப்ரவரியில் எடின்பரோ கோமகன் பிலிப் அதனைத் திறந்து வைத்தார். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி இயங்கிய மேக்ஸ்வெல் சாலையிலிருந்து அது நடந்து போகும் தூரம். 1978இல்தான் டோவருக்கு இடம் மாறியது. இன்று தேசியப் பல்கலைக்கழகத்தின் பெருமைகளில் ஒன்றான கட்டடக்கலைத் துறையும் அந்தப் பாலிடெக்னிக்கில் தோன்றி, 1969இல் பல்கலைக்கழகத்துக்கு வந்ததே.

இன்று ஐந்து பாலிடெக்னிக்குகள் உள்ளன: சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தப் பாடத்துறை, எங்கே என்று கேட்பதே பயன் தரும். ஒரே துறையை இரண்டு மூன்று பாலிடெக்னிக்குகள் கற்பிக்கும். பெயரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் பாடப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கணிதமும் நிரலாக்கமும் மிகுந்திருக்கும். மற்றொன்றில் திட்டப்பணியும் வணிகப் பாடங்களும் கலந்திருக்கும். விளம்பரக் கையேட்டின் வண்ணப்படங்களில் இது தெரியாது. நான் முதலில் படிக்கச் சொல்வது மூன்றாம் ஆண்டுப் பாடங்களைத்தான். முதலாம் ஆண்டு எங்கும் அடிப்படைப் பாடங்களே. துறையின் உண்மையான முகம் கடைசி ஆண்டில்தான் தெரியும்.

அடுத்தது நுழைவுப் புள்ளி. நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் மரியாதை அதிகம். "பத்துப் புள்ளி எடுத்துட்டு ஏன் பதினெட்டுப் புள்ளி கோர்ஸுக்குப் போறே? வீணாப் போகுதே!" என்று என் அத்தை தம் மகளிடம் கேட்டார். சென்ற ஆண்டு அத்துறையில் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளியே அது. எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை இடங்கள் இருந்தன என்பதைத்தான் அது காட்டும். கற்பித்தலின் தரத்தைக் காட்டாது. புள்ளியை மளிகைக் கடைச் சில்லறையாக எண்ணி, மிச்சம் விடாமல் செலவழிக்கப் பார்க்கிறோம்!

ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் ஓப்பன் ஹவுஸுக்கு அத்தை மகளை அழைத்துச் சென்றேன். இலவசப் பையும் பேனாவும் கிடைத்தன. அதைவிட, ஆய்வகத்தில் நின்றிருந்த மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் அவள் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் மதிப்புள்ளவை. "அண்ணா, இந்தக் கருவியை எத்தனை முறை நீங்களே இயக்கியிருக்கீங்க?" என்றாள். அந்த மாணவர் சிரித்துவிட்டு, "ரெண்டு முறை" என்றார். வேலைப் பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள், அங்கே உண்மையான வேலை கொடுத்தார்களா, தேநீர் வாங்கி வரச் சொன்னார்களா என்பதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டதாரிகளின் வேலைவாய்ப்புக் கருத்தாய்வை ஐந்து பாலிடெக்னிக்குகளும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதை நிதானமாகப் படியுங்கள். "வேலையில் உள்ளோர்" என்ற விழுக்காட்டில் நிரந்தர முழுநேர வேலை, பகுதிநேரம், தற்காலிகம், சுயேச்சைப் பணி எல்லாம் அடங்கும். முழுநேர நிரந்தர வேலையில் உள்ளோர் எத்தனை விழுக்காடு என்ற தனி எண்ணே முக்கியம். மேற்படிப்புக்குச் சென்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பல்கலைக்கழகம் செல்ல எண்ணுவோருக்கு இன்னொரு செய்தி. தொடக்கக் கல்லூரியில் எல்லாம் இறுதித் தேர்வில் முடிவாகும். சறுக்கியவர் கடைசி ஆறு மாதத்தில் எழலாம். பாலிடெக்னிக்கில் பொதுவாக முதல் பருவத்திலிருந்தே மதிப்பெண்கள் சராசரியில் சேரும். "முதல் ஆண்டு ஜாலியாக இருப்போம்" என்ற நண்பர்கள் பலர் மூன்றாம் ஆண்டில் அதற்கு விலை கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். தொலைவும் சிறிய விஷயமன்று. தஞ்சோங் பகாரிலிருந்து டோவருக்கு ரயிலில் ஏழு நிறுத்தங்கள். உட்லண்ட்ஸிலுள்ள ரிபப்ளிக்குக்குத் தீவின் மறுகோடி வரை போக வேண்டும். மூன்றாண்டுகள் தினமும் அந்தப் பயணம்.

கடைசியாக, தனியார் கல்லூரிகள். நகர மையத்தின் அலுவலக மாடிகளில் இத்தகையவை உண்டு. தமிழ்நாட்டில் நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களை எண்ணும்போதுதான் எனக்கு அதிகக் கவலை. 2009ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இவை பதிவு செய்யப்பட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க எடுடிரஸ்ட் சான்றிதழும் தேவை. ஆனால் பதிவு பெற்றது என்றால் அதன் சான்றிதழை அரசாங்கம் அங்கீகரித்துவிட்டது என்று பொருளன்று. பெரும்பாலான தனியார் பள்ளி மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை செய்யவும் அனுமதி கிடையாது. "அங்கே வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம்" என்று முகவர் ஊரில் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். கட்டணப் பாதுகாப்புத் திட்டம், பணம் திரும்பத் தரும் நிபந்தனை, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றும் ஒப்பந்தத்தில் உள்ளனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டலாம்.