ஆமைத் தடம் தேடும் அக்காக்களும் அண்ணன்களும்

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னைக் கடற்கரையில் இரவு வேலை தொடங்கிவிடும். ஊர் படுக்கப்போகும் நேரத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் நீலாங்கரை மணலில் கூடுவார்கள். அங்கிருந்து வடக்கே பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்று கரையோரமாகவே நடந்து, விடிவதற்கு முன் பெசன்ட் நகர் வந்து சேருவார்கள். ஏறக்குறைய 7 கிலோமீட்டர். கையில் ஒரு துணிப்பை, ஒரு கம்பு, அளவு நாடா, நோட்டு. டார்ச்சும் இருக்கும், ஆனால் அதை எரிக்க மாட்டார்கள். இருட்டில் அவர்கள் தேடுவது கடலாமை இட்டுப்போன முட்டைகளை.

1988-இல் மாணவர்களே சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் இவர்கள். இந்த வேலை வனத்துறையின் அனுமதியோடு நடக்கிறது. கடலாமைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு ஆமைக்கும் உண்டு. அதனால் அனுமதி இல்லாமல் முட்டையை யாரும் தொடக்கூடாது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் இவர்கள் கூட்டிப்போகிறார்கள். சம்பளம் கிடையாது. மறுநாள் வகுப்பும் உண்டு. அப்படியும் ஆண்டுதோறும் புதிதாக அக்காக்களும் அண்ணன்களும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்த நடைக்கு அந்த அமைப்பைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1970-களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இதே கரையில் இரவில் நடந்தார்கள். அவர்களோடு சேர்ந்தவர் ஐஐடியில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர். ஆமைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பிறகு இந்தியக் கடற்கரைகளையும் அந்தமான், லட்சத்தீவுகளையும் கால்நடையாகவே சுற்றி, எந்த ஆமை எங்கே முட்டையிடுகிறது என்று எழுதி வைத்தார். 1982-இல் பருவமழைக் காலம் முழுவதும் லட்சத்தீவின் சுஹேலியில், ஆள் இல்லாத ஒரு தீவில் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் படகு வராது, தபாலும் போகாது. மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அந்தப் பாட்டில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதைத் தபாலில் சேர்த்தார், கடிதமும் வீடு வந்து சேர்ந்தது! கடல் நீரோட்டத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சரி, ஆமைக்கு வருவோம். இங்கே வருவது பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், எடை நாற்பது கிலோ வரும். கரையேறுவது பெண் ஆமை மட்டும்தான். ஆண் ஆமை குஞ்சாகக் கடலுக்குள் போனால், மறுபடி நிலத்தை மிதிப்பதில்லை என்றே சொல்லலாம்.

இருட்டில் ஆமையைக் கண்டுபிடிப்பது கடினம். அதன் தடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஈர மணலைத் தாண்டிக் காய்ந்த மணலுக்குள் முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போகும். அருகே குந்தி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் துடுப்பு பதிந்த அரைவட்டக் குறிகள் இருக்கும். இடது பக்கக் குறியும் வலது பக்கக் குறியும் நேருக்கு நேராக இருக்காது, ஒன்று முன்னே ஒன்று பின்னே மாறி மாறி வரும். பங்குனி ஆமை நாம் தவழ்வதுபோல ஒரு கை, மறு கால் என்று மாற்றி வைத்து நகர்கிறது. பேராமை என்ற இன்னோர் இனமோ இரண்டு முன் துடுப்புகளையும் ஒரே நேரத்தில் ஊன்றி உடலை இழுக்கும், அதனால் அதன் தடம் இரு பக்கமும் ஒத்திருக்கும். ஆமையைப் பார்க்காமலே அது எந்த இனம் என்று சொல்லிவிடலாம். போன தடம் எது, திரும்பிய தடம் எது என்றும் மணலே சொல்லும்: துடுப்பு மணலைப் பின்னுக்குத் தள்ளுகிறது, மணல் குவிந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஆமை போயிருக்கிறது.

இரண்டு தடங்களும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆனால் முட்டைக்குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஆமை பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுகிறது. வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும். அதற்குள் நூறு, நூற்றிருபது முட்டை இடுகிறது. பிறகு குழியை மூடி, தன் அடிவயிற்று ஓட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்திக் குத்தி மணலை இறுக்குகிறது. கடைசியில் சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. நாயை ஏமாற்றத்தான்! இதைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள தன்னார்வலர் கம்பை மெல்ல மெல்ல மணலில் அழுத்திப் பார்ப்பார். மற்ற இடமெல்லாம் எதிர்க்கும். ஓர் இடத்தில் கம்பு சட்டென்று உள்ளே இறங்கும். தோண்டி மூடிய மணல் அவ்வளவு இறுகியிருக்காது. அங்கே கம்பை நிறுத்திக் கையால் தோண்டுவார்கள். பிங்பாங் பந்து அளவில், தோல் போன்ற மெத்தென்ற ஓட்டோடு முட்டைகள் தெரியும்.

முட்டையை ஏன் எடுக்க வேண்டும்? நல்ல கேள்வி. இருந்த இடத்திலேயே விட்டுவிட முடிந்தால் அதுதான் மேல் என்பது என் எண்ணம். ஒடிசாவின் ருஷிகுல்யா கரையிலும் கஹிர்மாதாவிலும் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஆமைகள் சில இரவுகளுக்குள் திரண்டு வந்து முட்டையிடுகின்றன. அங்கே அவற்றை அப்படியே விட்டுக் காவல் காக்கிறார்கள். சென்னையில் தெருநாய்கள் ஏராளம், இரவெல்லாம் விளக்கு, மனித நடமாட்டம் வேறு. இங்கே விட்டுவைத்தால் பெரும்பாலும் வீண்தான். அதனால் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதையும் அன்று இரவே செய்ய வேண்டும். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துப்போகும். இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டை ஓட்டின் உட்புறத்தில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு உருட்டினால் அந்த ஒட்டு அறுந்துவிடும். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் பதமாக நடப்பது அதனால்தான்.

பொரிப்பகம் என்றால் ஏதோ இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெசன்ட் நகர் கரையில் வேலி போட்ட ஒரு மணல் பரப்பு, அவ்வளவுதான். அதில் ஆமை தோண்டியது போலவே, அதே ஆழத்தில், குறுகிய வாயும் அகன்ற அடியுமாகக் குழி தோண்டி முட்டைகளை வைக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, அதில் தேதியும் எண்ணிக்கையும். வெப்பம் மட்டும்தான் அடைகாக்கும். 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளிவரும்.

இந்த வெப்பம் இன்னொரு வேலையும் செய்கிறது. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை மனிதருக்கு முடிவு செய்வது குரோமோசோம். ஆமைக்கு அது மணலின் சூடு. அடைகாலத்தின் நடுப்பகுதியில் குழி ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், அதற்குக் கீழே இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். சூடு இன்னும் ஏறிவிட்டால் முட்டையே கெட்டுவிடும். ஏப்ரல் வெயில் எப்படிக் காயும் என்று நமக்குத் தெரியும். அதனால் பின்பருவத்தில் குழிகளுக்கு மேலே நிழல் போட வேண்டியிருக்கிறது. பூமி சூடாகிக்கொண்டே போனால் எல்லாக் குஞ்சும் பெண்ணாகப் பிறந்துவிடுமோ என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் கவலைப்படுவது இதனால்தான்.

இப்போது உங்களிடம் நேராக ஒன்று சொல்ல வேண்டும். நடைக்குப் போகும் எல்லா இரவிலும் ஆமை வராது. பருவத்தின் தொடக்கத்தில் விடிய விடிய நடந்தும் ஒரு தடம்கூடக் கிடைக்காமல் போகலாம். கால் வலிக்கும், தூக்கம் சொக்கும், "இதுக்கா வந்தோம்?" என்று தோன்றும். ஆனால் நோட்டில் அந்த இரவையும் எழுதுகிறார்கள்: தேதி, நடந்த தூரம், முட்டைக்குழி பூஜ்யம். கிடைத்த நாளை மட்டும் எழுதி, கிடைக்காத நாளை விட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து ஆமைகள் கூடினவா குறைந்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. பூஜ்யம் எழுதத் தயங்காதவர்களால்தான் இந்தக் கரையின் ஆமைக்கணக்கு நம்பத் தக்கதாக இருக்கிறது. எனக்கு இந்த அக்காக்கள், அண்ணன்கள் மேல் உள்ள மரியாதை முக்கியமாக இதற்குத்தான்.

அவர்கள் எண்ண வேண்டியிருப்பது முட்டையை மட்டும் அல்ல. செத்து ஒதுங்கும் ஆமைகளையும் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. விசைப்படகின் இழுவலையில் நீருக்கடியில் சிக்கி, மேலே வர முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். வலையில் ஆமை மட்டும் தப்பிக்க வழி வைக்கும் கருவி இருக்கிறது. முட்டையிடும் மாதங்களில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடத் தடையும் இருக்கிறது. அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தவில்லை என்றால், பொரிப்பகத்தில் எத்தனை குஞ்சு பிறந்தும் பயன் இல்லை. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வலையில் சாவது அப்படித் தப்பி வளர்ந்த ஆமை.

நீங்கள் எப்படிப் போவது? பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். கறுப்பு அல்லது அடர்நிற உடை, தண்ணீர் பாட்டில், நடப்பதற்குத் தெம்பு. டார்ச், செல்போன் வெளிச்சம், ஃபிளாஷ் எதுவும் கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தையும் அசைவையும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஆமையைக் கண்டால் பேசாமல் அதன் பின்பக்கம் நில்லுங்கள். அதன் கண்ணிலிருந்து வழிவதைப் பார்த்து "அழுகிறதே" என்று பதற வேண்டாம். குடித்த கடல்நீரின் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது.

இரவு முழுக்க நடக்க முடியாத சிறு பிள்ளைகளுக்குக் குஞ்சு விடும் மாலைதான் பொருத்தம். மார்ச், ஏப்ரல் வாக்கில் அது நடக்கும். குஞ்சுகளைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட மாட்டார்கள். அலைக்குச் சற்று முன்னால் மணலில் விடுவார்கள். அவை தாமாகவே தவழ்ந்து போக வேண்டும். எது வெளிச்சமான அடிவானமோ அதை நோக்கிப் போவது அவற்றின் இயல்பு. விளக்கே இல்லாத கரையில் அது கடல்தான். சென்னையிலோ நிலத்துப் பக்கம்தான் பளிச்சென்று இருக்கிறது. பொரிப்பகத்துக்கு வராமல் தப்பிய குழிகளின் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் போய்விடுகின்றன. உங்கள் வீடு கரையோரம் இருந்தால், பிப்ரவரி முதல் மே வரை கடலைப் பார்க்கும் விளக்கை இரவில் அணைக்கச் சொல்லி வீட்டில் கேளுங்கள். குஞ்சு விடும் இடத்தில் கயிறு கட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் நில்லுங்கள். திரும்பும்போது காலை எடுத்து வைக்கும் முன் மணலைப் பாருங்கள், வழி தவறிய குஞ்சு ஒன்று காலடியில் இருக்கலாம். கண்டால் நீங்கள் தூக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் அக்காவையோ அண்ணனையோ கூப்பிடுங்கள்.