நிழலும் ஒரு ஆளா?

காரைக்கால் மாங்கனித் திருவிழாவை எடுத்துக்குங்க. மாடியிலிருந்து மாம்பழம் வீசுவாங்க, கீழே பெருங்கூட்டம். அங்கே கேமரா வெச்சுத் தலை எண்ணணும்னா முதல் சிக்கல் நிழல்தான். காலியான தெருவோட ஒப்பிட்டு, மாறின இடமெல்லாம் ஆள்னு கணினி எடுத்துக்கும். நிழலும் நகருதே!

எப்படிப் பிரிக்கிறது? நிழல் விழுந்தா தரை இருட்டாகும். நிறம் பெரும்பாலும் மாறாது. ஓப்பன்சிவி மென்பொருளின் மாக்2 முறை இதைத்தான் பார்க்குது. பின்னணிக்கு 0, ஆளுக்கு 255, நிழலுக்கு 127னு குறிக்கும். அந்த 127-ஐ நீக்கிட்டு எண்ணலாம்.

ஆனா கவனம். வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைஞ்சா அது நிழல் இல்லைன்னு முடிவுகட்டும்; உச்சி வெயிலின் கடும் நிழல் ஆளாகிடும். தார்ச்சாலையில் சாம்பல் சட்டைக்காரர் நிழலாகிடுவார். நெரிசல்ல ஆள் விட்டுப்போறதுதான் ஆபத்து. அதனால அந்த வரம்பை அதே தெருவில், அதே வெயில்ல சோதிச்சே வைக்கணும்.