மூட்டைக் கணக்கும் ரெஸ்யூமில் ஏறட்டும்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் "ரெஸ்யூம் அடிக்கணும்ணே" என்றால் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். கடைக்காரரின் கணினியில் மாதிரி ஒன்று தயாராக இருக்கும். பெயர், ஊர், மதிப்பெண் மட்டும் மாறும். மேலே, சவாலான பணியில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புகிறேன் என்று ஒரு குறிக்கோள். நடுவில் தந்தை பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு. கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டாவுக்கும் இதற்கும் ராசி, நட்சத்திரம்தான் வித்தியாசம். அனுபவம் என்ற இடத்தில் மட்டும் 'இல்லை' என்றிருக்கும்.

டெல்டாப் பிள்ளைகளைக் கவிழ்ப்பது அந்த 'இல்லை'தான்.

பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் "வீட்டில் சும்மா இருந்த" பையனைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். குறுவை நடவுக்கு ஆள் பிடித்தது அவனாக இருக்கும். அறுவடை இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து மணி வாடகை பேசியதும், சிட்டா, அடங்கல் எடுத்துப் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ததும் அவனே. அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வரவுசெலவு நோட்டு எழுதி, வங்கிக்கும் போய்வரும் பெண் தன்னை 'ஃபிரெஷர்' என்று போட்டுக்கொள்கிறாள். சம்பளச் சீட்டு வராத வேலை, வேலை இல்லை என்று யாரோ இவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சம்பளம் வாங்கிச் செய்த வேலையையும் இவர்கள் சரியாகச் சொல்வதில்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்று ஆள் எடுப்பது உண்டு. அங்கே வேலை பார்த்தவர் ரெஸ்யூமில் எழுதுவது ஒரே வரி: "நெல் கொள்முதல் நிலையத்தில் பணிபுரிந்துள்ளேன்." படிப்பவருக்கு இதில் ஒன்றும் விளங்காது. அதே வேலையை இப்படிச் சொல்லலாம்:

"நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர், 2 பருவங்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 700 மூட்டை (40 கிலோ) எடை, ஈரப்பதப் பதிவு. விவசாயிகளின் ஆவணச் சரிபார்ப்பு, ஆன்லைன் பதிவு. கிடங்குக்கு லாரி அனுப்புதல். பருவ முடிவில் இருப்புக் கணக்கு ஒப்படைப்பு."

எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள். நேர்காணலில் "ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகும்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வரவேண்டும், அவ்வளவுதான். இந்த வரிகளைப் படிக்கும் சூப்பர் மார்க்கெட் கிடங்கு மேலாளருக்கோ, நவீன அரிசி ஆலைக்காரருக்கோ, இவருக்கு இருப்பு பார்க்கத் தெரியும், கணக்கு ஒப்படைக்கத் தெரியும் என்பது புரிந்துவிடும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் பொதுவாக நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி. மழை மூட்டம் போட்ட நாளில், களத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கும் விவசாயியிடம் அதைச் சொல்லிச் சமாளித்தவர் எந்த வாடிக்கையாளரையும் சமாளிப்பார். 'கடின உழைப்பாளி' என்று தனியாக எழுதவே வேண்டாம்.

வேலைக்கு வந்தவர்களைப் பதிவுசெய்வதில் தஞ்சாவூருக்குப் பழைய பழக்கம் உண்டு. பெரிய கோயில் சுவரில், முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றில், 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. பெயர், எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினருக்கு அந்த இடம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள இன்னொருவரை அவரே தேர்ந்து நிறுத்த வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தைச் சொல்லித்தான் அந்தப் பட்டியல் ஆளை அடையாளம் காட்டுகிறது.

அடுத்து இன்ஷியல். சிறிய விஷயம்போலத் தோன்றும். வேலை கிடைத்த பிறகு இழுத்தடிப்பது இதுதான். மதிப்பெண் சான்றிதழில் இன்ஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். ரெஸ்யூமில் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். சிங்கப்பூர், வளைகுடா வேலை என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் பார்ப்பது பெரும்பாலும் மென்பொருள். விளம்பரத்தில் கேட்ட தகுதிச் சொற்கள் உங்கள் தாளில் இருக்கின்றனவா என்று அது தேடும். இரண்டு பத்தி வடிவமும் கட்டங்களும் சில மென்பொருள்களைக் குழப்பும். ஒரே பத்தியாக, பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது நல்லது. தமிழில் அனுப்புவதானால் யூனிகோடில் அடியுங்கள். கடையில் பழைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும்.

ஒரே தாளை எல்லா இடத்துக்கும் நீட்டாதீர்கள். மேலவஸ்தாசாவடியில் 2024இல் திறந்த மினி டைடல் பூங்காவில் உள்ள நிறுவனத்துக்கு அனுப்பும்போது கணினிப் பயிற்சி மேலே வரட்டும். உணவு பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்பும்போது நெல்லும் ஈரப்பதமும் மேலே வரட்டும். அரசு வேலைக்கு இந்தச் சாமர்த்தியம் எதுவும் உதவாது: அறிவிப்பில் கேட்ட படிவம், கேட்ட சான்றிதழ், கேட்ட தேதிக்குள். சாதிச் சான்று அங்கே தேவைப்படும். தனியார் ரெஸ்யூமில் சாதி, மதம், ஆதார் எண் எதுவும் வேண்டாம்.

இரண்டு வருட இடைவெளி இருந்தால் மறைக்காமல் ஒரு வரி எழுதுங்கள்: "2022 முதல் 2024 வரை: 4 ஏக்கர் குடும்ப நில நிர்வாகம்." அரியர் இருந்து முடித்திருந்தால் முடித்த ஆண்டைப் போடுங்கள்.

தாள் தயாரானதும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒருமுறை எடுத்துப் போங்கள். அங்கே பதிவதற்கும், அவர்கள் நடத்தும் தனியார் துறை முகாமில் கலந்துகொள்வதற்கும் கட்டணம் கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள்.