ஏரி மரம்: ஏலமா, எச்சமா?

பீங்கான் நகரமான விருத்தாசலத்தைச் சுற்றி மேட்டில் முந்திரி, நிலக்கடலை. பள்ளத்தில் ஏரியை நம்பிய நெல். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விட்டால் ஒருமுறை பணம் வரும். நிற்கவிட்டு, பறவைகள் கூடு கட்டினால் என்ன கிடைக்கும்?

பதில் செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் இருக்கிறது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடும். அதைப் பாய்ச்சும் வயலுக்கு உரச் செலவு குறையும். இதை அறிந்த ஊரார், வேட்டையைத் தடுக்க 1798-லேயே கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். பின்னாளில் அது சரணாலயமானது. பாசனம் நிற்கவில்லை.

எல்லாக் காப்பிடமும் இப்படியல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் கூடாது. சரணாலயத்தில் வனத்துறை முறைப்படுத்தி அனுமதிக்கலாம். ஊரை ஒரேயடியாக விலக்கினால் ஆடு மாடு வைத்திருப்பவருக்கு நஷ்டம். காவல் செலவு முழுக்க அரசின் தலையில்.

தேக்கடியில் வேறு வழி பார்த்தார்கள். காட்டில் வயணப்பட்டை திருடியவர்களையே 1990-களின் பிற்பகுதியில் சுற்றுலா வழிகாட்டிகளாக்கினார்கள். பயணிகளின் கட்டணம் அவர்களுக்குச் சம்பளம். காட்டுக்கு அவர்களே காவல்.

உங்கள் ஊர் ஏரி ஏலத்துக்கு வந்தால், கிராம சபையில் ஒன்றைக் கேளுங்கள்: கூடுள்ள மரங்களை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டலாமே? ஏலப் பணம் ஒரு வருடத்துக்கு. எச்சம் வருடா வருடம்.